பிற நாய்களைக் கண்டால் பாயும் நாயை எப்படிப் பழக்குவது: தெருநாய்கள் நிறைந்த ஊருக்கான முழுமையான வழிகாட்டி

எங்கள் செவலை ஒரு நாட்டு நாய். கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காவேரிப்பட்டணத்தைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே எங்கள் வீடு. அவன் எட்டு மாதக் குட்டியாக இருந்தபோது வாய்க்கால் கரையில் மூன்று தெருநாய்கள் சுற்றி வளைத்துக் குதறிவிட்டன. காயம் பத்து நாளில் ஆறியது, பயம் ஆறவில்லை. அதன்பிறகு எந்த நாயைப் பார்த்தாலும், குட்டியோ கிழமோ, கயிறு அறுந்துவிடுமோ என்னும்படி பாய்ந்தான். ஒரு நாள் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடி, அடுத்த தோட்டத்தின் வயதான பெண் நாயைத் தொடையில் கவ்விவிட்டான். ஓடிப்போய் நின்றேன். அந்த வீட்டு அம்மா திட்டவில்லை. நாயை மடியில் போட்டுக்கொண்டு, "இதுவும் உங்கள் பிள்ளை மாதிரிதானே, அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் படிப்பு. நாய்ப் பயிற்சியைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும், எல்லா நாய்களும் கயிற்றில் நடக்கும் ஊர்களுக்காக எழுதப்பட்டவை. கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ நம் நாய் கயிற்றில் இருக்கும். எதிரே வரும் நான்கு நாய்கள் கயிறில்லாமல் வரும். அந்த நிலைமைக்கு ஏற்ற வழி வேண்டும். இரண்டு ஆண்டுகளில் எனக்குப் பலன் தந்தவற்றையும், கால்நடை மருத்துவர் திருத்திச் சொன்னவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற நாய்கள் மீது பாயும் நாய்களில் பெரும்பாலானவை வீரம் மிகுந்தவை அல்ல, பயந்தவை. "நீ அருகில் வராதே" என்பதைத்தான் அவை தமக்குத் தெரிந்த மொழியில் கத்திச் சொல்கின்றன. அந்தப் பயத்துக்கு முதல் மருந்து அடியும் அல்ல, அதட்டலும் அல்ல. தூரம். கீழே வரும் படிகள் எல்லாம் ஏதோ ஒரு வகையில் அந்தத் தூரத்தைப் பற்றியவைதான்.

முதல் படி: உடம்பில் வலி இருக்கிறதா?

பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்னால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதில் சீழ், ஈறில் புண், இடுப்பு மூட்டில் தேய்மானம் என்று வலியோடு வாழும் நாய், இன்னொரு நாய் அருகில் வந்து உரசுவதைப் பொறுத்துக்கொள்ளாது. ஆடுமாடு உள்ள தோட்டங்களில் உண்ணித் தொல்லை எப்போதும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் வந்த நாய் சோர்ந்து, மூட்டு வலித்து, சிடுசிடுவென்று ஆகும். இத்தனை நாள் சாதுவாக இருந்த நாய் நடுத்தர வயதில் திடீரென்று மாறினால் வலியைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். நாம் சாப்பிடும் வலி மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. அவற்றில் சில அதன் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. தடுப்பூசி போடாத நாய் ஓரிரு நாளில் ஆளே மாறி, கண்டதையெல்லாம் கடித்து, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் தவித்தால் அது பயிற்சிக்கான விஷயமே அல்ல. வெறிநோயாக இருக்கலாம். வாயருகே கை கொண்டுபோகாமல் தனியே அடைத்துவைத்து, உடனே மருத்துவரை அழையுங்கள்.

கருத்தடை செய்தால் சண்டைக் குணம் போய்விடுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஆண் நாய்கள் பெண் நாய்க்காக அலைவதும் அதனால் வரும் சண்டையும் குறையும். ஆனால் பயத்தால் பாயும் நாயின் பயம் கருத்தடையால் தீராது. சில பயந்த நாய்களுக்குப் பயம் கூடுவதும் உண்டு. கருத்தடை நல்லதுதான், அதை மட்டும் நம்பிப் பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது படி: எந்தக் கோபம் என்று கண்டுபிடியுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி இரண்டு வாரம் எழுதுங்கள். எந்த இடம், எந்த நேரம், எதிரே வந்தது ஆணா பெண்ணா, எவ்வளவு தூரத்தில் இருந்தது, நம் நாய் கயிற்றில் இருந்ததா, பக்கத்தில் உணவு இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து குறிப்புகள் சேர்ந்ததும் அதில் ஒரு ஒழுங்கு தெரியும்.

செவலையின் நோட்டில் தெரிந்தது இது: கயிற்றில் இருக்கும்போதும் வாய்க்கால் பக்கமும்தான் அவன் மிக மோசம். தோட்டத்துக்குள் அவிழ்த்துவிட்டிருக்கும்போது வேலிக்கு வெளியே போகும் நாயைப் பார்த்து இரண்டு குரைப்போடு நிறுத்திக்கொண்டான். கயிறு கட்டியவுடன் "ஓட வழியில்லை" என்று நாய்க்குத் தெரிந்துவிடுகிறது. ஓட முடியாதது முந்திக்கொண்டு பாய்கிறது.

வேறு சில நாய்களுக்குக் காரணம் வேறு. சோற்றுத் தட்டையோ எலும்பையோ காக்கும் நாய் உண்டு. இங்கே மாம்பழக் காலத்தில் இது நன்றாகத் தெரியும். தோப்பில் உதிர்ந்த பெங்களூரா மாங்காய்க்காக நாய்கள் அடித்துக்கொள்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். (மாங்கொட்டையை விழுங்கினால் குடலில் அடைத்துக்கொண்டு அறுவைச் சிகிச்சை வரை போகும். சண்டை இல்லாவிட்டாலும் கொட்டையைப் பொறுக்கிவிடுங்கள்.) வீட்டு வாசலை மட்டும் காக்கும் நாய் உண்டு. இன்னொரு நாயோடு விளையாடத் துடித்து, கயிறு தடுப்பதால் வெறுப்பேறிக் கத்தும் இளம் நாயும் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். வைத்தியம் வேறு.

கட்டிப்போட்ட நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். நம் பக்கத்துத் தோப்புகளிலும் கோழிப் பண்ணைகளிலும் காவல் நாயை நான்கு அடிச் சங்கிலியில் பகலிரவாகக் கட்டிவைக்கும் வழக்கம் இருக்கிறது. "கட்டிப்போட்டால்தான் ரோஷம் வரும்" என்று பெருமையாகச் சொல்வார்கள். அது ரோஷம் அல்ல. நான்கு அடி வட்டத்துக்குள் வாழும் உயிருக்கு, எதிரே வரும் எதுவுமே தப்ப முடியாத ஆபத்தாகத் தெரிகிறது. மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். சங்கிலியை அப்படியே வைத்துக்கொண்டு நாயின் கோபத்தை மட்டும் தீர்க்க எந்தப் பயிற்சியாலும் முடியாது. வேலி போட்டு அடைத்த ஓர் இடம், நாளுக்கு இரண்டு நடை, இரவில் தோப்புக்குள் அவிழ்த்துவிடுவது என்று அதன் வாழ்க்கையை முதலில் மாற்றுங்கள். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.

மூன்றாவது படி: பாயும் வாய்ப்பைக் குறையுங்கள்

நாய் பாய்கிறது, எதிரே இருந்த நாய் விலகிப் போகிறது. "நான் பாய்ந்ததால்தான் போனது" என்று நம் நாய் கற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு பாய்ச்சலும் அதற்கு ஒரு பாடம். ஆகவே பயிற்சி நடக்கும் மாதங்களில் அந்தப் பாடம் கிடைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

நடக்கும் நேரத்தை மாற்றுங்கள். பால்வண்டி வரும் நேரமும், கறிக்கடை திறக்கும் ஞாயிறு காலையும் தெருநாய்கள் கூடும் நேரங்கள். நாங்கள் காலை ஐந்து மணி நடையை ஆறேகாலுக்குத் தள்ளிவைத்தோம். இரவு முழுதும் தெருவை ஆண்ட நாய்கள் அப்போது வெயில் படும் இடம் தேடிப் படுத்துவிடுகின்றன. சித்திரை, வைகாசியில் மட்டும் தார்ச்சாலை சூடேறுவதற்குள் திரும்பிவிடவேண்டும்.

வாசல் கேட்டின் கம்பி இடைவெளி வழியாகத் தெருவைப் பார்த்து நாள் முழுதும் குரைக்கும் நாய், நாள் முழுதும் சண்டைக்குப் பழகுகிறது. கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பச்சை வலையாலோ மறையுங்கள். தென்னந்தட்டி கட்டினாலும் போதும். செலவு குறைவு, பலன் அதே வாரத்தில் தெரியும்.

கழுத்துப்பட்டை மட்டும் வேண்டாம். மார்போடு சேர்த்துக் கட்டும் பட்டை வாங்குங்கள். அதிலும் நெஞ்சுப் பக்கம் வளையம் உள்ளது நல்லது. பாயும் நாய் தானாகவே நம் பக்கம் திரும்பிவிடும். நாட்டு நாய்க்கும் சிப்பிப்பாறைக்கும் கழுத்தும் தலையும் ஏறக்குறைய ஒரே அளவு. கழுத்துப்பட்டை எளிதில் உருவிக்கொள்ளும். அடுத்த தோட்டத்து நாய் கடிபட்டது அப்படித்தான். கயிறு ஆறு அடி, கையில் பிடிக்க மொத்தமான பருத்தியாலானது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளாதீர்கள். பெரிய நாய் இழுத்தால் எலும்பு முறியும். முள் வைத்த பட்டை, இழுத்தால் இறுகும் சங்கிலி, மின்சாரப் பட்டை ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். எதிரே நாய் தெரியும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், "அந்த நாயால்தான் எனக்கு வலிக்கிறது" என்றுதான் நம் நாய் முடிவுகட்டும்.

ஏற்கெனவே கடித்த வரலாறு இருந்தால் வாய்க்கூடை பழக்குங்கள். போரடிக்கும் மாட்டுக்குப் போடுவது போன்ற, காற்று போகும் கூடை அமைப்பு வேண்டும். வாயைத் திறக்கவும் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடியவேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையை நடைக்குப் பயன்படுத்தக் கூடாது. நாய் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கிறது. முதல் மூன்று நாள் கூடைக்குள் வேகவைத்த ஈரலை வைத்து நாயே மூக்கை நுழைக்க விடுங்கள். அடுத்த சில நாள் மூக்கு உள்ளே இருக்கும்போதே தீனியை நீட்டுங்கள். பிறகு ஐந்து வினாடி, பத்து வினாடி என்று வாரைக் கட்டி அவிழ்க்கவேண்டும். இரண்டு வாரத்தில் கூடையைப் பார்த்தாலே வாலாட்டும். ஊரார் "கடிநாய்" என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். வாய்க்கூடையைச் சரியாகப் போட்ட நாய் கடித்துக் காயப்படுத்தும் ஆபத்து மிகவும் குறைவு.

நான்காவது படி: பாய்வதற்கு முந்தைய நொடியைப் பாருங்கள்

"திடீரென்று பாய்ந்துவிட்டது" என்று நானும் முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று எதுவும் நடப்பதில்லை. நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

செவலை நடக்கும்போது வாய் லேசாகத் திறந்து, நாக்கின் நுனி வெளியே தெரியும். தூரத்தில் நாய் தென்பட்டதும் முதலில் அந்த வாய் மூடிக்கொள்ளும். காது இரண்டும் முன்னால் திரும்பும். அடுத்து முன்னங்கால் ஒன்று தரையில் ஊன்றாமல் அரை நொடி அப்படியே நிற்கும். வால் மேலேறி விறைத்துக்கொண்டு நுனி மட்டும் வேகமாக அசையும்; அதைப் பார்த்து "வாலாட்டுகிறான்" என்று ஏமாந்தவள் நான். உடம்பின் கனம் முழுவதும் முன்னங்கால்களுக்கு வரும். பிறகு உறுமல், பிறகு பாய்ச்சல். வாய் மூடுவதற்கும் பாய்வதற்கும் இடையே மூன்று நான்கு வினாடிகள் இருக்கின்றன. நமக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான், அது போதும்.

பசியில்லாமல் உதட்டை நக்குவது, தூக்கமில்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் "எனக்குச் சங்கடமாக இருக்கிறது" என்பதன் அடையாளங்கள். முதுகு மயிர் சிலிர்ப்பது பரபரப்பைத்தான் காட்டும். கடிக்கப் போகிறது என்று மட்டும் பொருள் அல்ல.

உறுமும் நாயை அடிக்காதீர்கள். உறுமல் அது நமக்குத் தரும் எச்சரிக்கை. அடித்து அதை அடக்கினால் பயம் உள்ளேயே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்தமுறை சத்தமில்லாமல் கடிக்கும்.

ஐந்தாவது படி: தூரத்தில் தொடங்கும் பயிற்சி

முதலில் வீட்டுக்குள் இரண்டு சொற்களைப் பழக்குங்கள். "திரும்பு" என்றால் நம்மோடு சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி நடக்கவேண்டும். "தேடு" என்றால் தரையில் இறைத்த தீனியை மோப்பம் பிடித்துப் பொறுக்கவேண்டும். எதிரே நாய் இல்லாதபோது நூறு முறை செய்தால்தான் நாய் இருக்கும்போது ஒருமுறை நடக்கும். தீனி சாதாரண பிஸ்கட்டாக இருந்தால் போதாது. வேகவைத்த கோழி ஈரல் அல்லது முட்டையைக் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி, இந்தப் பயிற்சிக்கு மட்டும் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். ஈரலையும் அளவோடு கொடுங்கள். கூடினால் வயிறு கெடும்.

அடுத்து இடம். நான்கு பக்கமும் தெரியும் வெட்டவெளி வேண்டும். வற்றிய ஏரி, சந்தை கூடாத நாளின் சந்தை மைதானம், விடுமுறை நாளில் பள்ளி விளையாட்டுத் திடல், கிருஷ்ணகிரி (கே.ஆர்.பி.) அணைப் பக்கத்தின் திறந்த வெளிகள் எல்லாம் ஏற்றவை. இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கும் சந்தில் பயிற்சி கூடாது; அங்கே விலக இடமில்லை. எதிரே நிற்க, கயிற்றில் கட்டிய, அமைதியான ஒரு நாயும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு நண்பரும் வேண்டும்.

நண்பரை நூறு அடி தள்ளி நிறுத்துங்கள். உங்கள் நாய் அந்த நாயைப் பார்க்கிறது, ஆனால் வாய் மூடவில்லை, அழைத்தால் திரும்புகிறது என்றால் அந்தத் தூரம் சரி. விறைத்துப் பார்த்தால் நூற்றைம்பது அடிக்குப் போங்கள். சரியான தூரத்தில் நின்றுகொண்டு, உங்கள் நாய் எதிர் நாயைப் பார்த்த அந்தக் கணத்தில் ஒரு துண்டு ஈரல் கொடுங்கள். மறுபடி பார்த்தால் மறுபடி ஒரு துண்டு. எதிர் நாய் மறைவுக்குப் போனதும் ஈரலும் நிற்கவேண்டும். இந்த வரிசை முக்கியம்: முதலில் நாய் தெரியவேண்டும், பிறகுதான் ஈரல். முன்னதாகவே ஈரலைக் காட்டினால், ஈரல் வந்தால் நாய் வரும் என்று தலைகீழாகப் புரிந்துகொண்டு ஈரலைக் கண்டாலே மிரளத் தொடங்கும்.

பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு மூன்று நாள்.

சில நாள் கழித்து ஓர் அற்புதம் நடக்கும். எதிர் நாயைப் பார்த்ததும் உங்கள் நாய் சட்டென்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும்: "நாய் வந்துவிட்டது, ஈரல் எங்கே?" செவலை அப்படி முதன்முதலில் திரும்பிப் பார்த்தது பதினேழாவது நாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தத் திரும்பல் ஒரே தூரத்தில் பத்துக்கு எட்டு முறை நடந்தால் ஐந்து அடி குறைக்கலாம். ஐந்து அடிதான், இருபது அல்ல.

பாய்ந்துவிட்டதா? திட்டாதீர்கள். நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். "திரும்பு" சொல்லி விலகி, அன்றைய பயிற்சியை முடித்துவிடுங்கள். பெரிய சண்டை நடந்திருந்தால் இரண்டு மூன்று நாள் நடையே வேண்டாம். வீட்டிலேயே தீனி தேடும் விளையாட்டு போதும். பரபரப்பு உடம்பில் தணிவதற்குள் வெளியே கொண்டுபோனால் சின்ன நாய்க்கும் வெடிக்கும்.

மாதக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் நூறு அடியிலேயே நாய் நடுங்கினால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பதற்றத்தைக் குறைக்கும் மருந்துகள் நாய்களுக்கும் உண்டு. அவர் பார்த்து அளவு சொல்லி எழுதித் தரவேண்டியவை அவை.

ஆறாவது படி: கயிறில்லாத தெருநாய்கள்

நம் ஊர்களில் எல்லாப் பயிற்சியும் சோதனைக்கு வரும் இடம் இதுதான்.

தெருநாய்களுக்கு எல்லை உண்டு. எந்தத் திருப்பத்திலிருந்து எந்த மின்கம்பம் வரை எந்தக் கூட்டம் என்று ஒரு வாரம் நாயில்லாமல் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். காது நுனியில் சின்னதாக வெட்டியிருந்தால் அந்த நாய்க்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று பொருள். எல்லைக்கு வெளியே போய்விட்டால் பெரும்பாலான கூட்டங்கள் குரைத்துவிட்டு நின்றுவிடும். ஆகவே ஓடாதீர்கள், ஓடினால் துரத்தும். நாயை உங்கள் முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டு, வந்த வழியே நிதானமாகப் பின்வாங்குங்கள்.

கூட்டம் நெருங்கினால் நேராக நின்று, தாழ்ந்த கனத்த குரலில் "ஏய், போ!" என்று ஒருமுறை சொல்லுங்கள். அதற்கும் நிற்காவிட்டால் குனிந்து கல்லெடுப்பதுபோல் கையை மண்ணுக்குக் கொண்டுபோங்கள். நம் தெருநாய்களுக்கு அந்தக் குனிதலின் பொருள் நன்றாகத் தெரியும். பெரும்பாலும் பத்தடி பின்வாங்கும். கல்லை எறியவேண்டிய தேவையே இருக்காது, எறியவும் கூடாது. அடிபட்ட நாய் நாளைக்கு உங்களைக் கண்டாலே பாயும். சட்டைப்பையில் ஒரு பிடி மலிவான தீனி எப்போதும் இருக்கட்டும். வரும் நாய்களின் முகத்துக்கு நேராக, தரையில் விழும்படி இறைத்தால் அவை குனிந்து பொறுக்கும் இடைவெளியில் விலகிவிடலாம். கையில் ஒரு குடை வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானை அழுத்தி விரித்தால் நாய்களுக்கு நடுவே அது ஒரு சுவர். வீட்டில் பலமுறை விரித்துக் காட்டி, உங்கள் நாய் அதற்கு மிரளாதபடி முதலில் பழக்கிவிடுங்கள்.

புரட்டாசி கடந்து மார்கழி வரை கூடுதல் கவனம் வேண்டும். தெருவில் பெண் நாய் ஒன்று பருவத்தில் இருந்தால் ஆண் நாய்கள் ஏழெட்டு அதன்பின்னே அலையும். அந்தக் கூட்டம் எல்லை எதையும் மதிக்காது. அந்த நாட்களில் தெருநடையை விட்டு, மதில் சூழ்ந்த இடத்தில் நாயை ஓடவிடுங்கள்.

தெருநாய்களைப் பகைத்துக்கொண்டு நம் நாயை அமைதியாக வளர்க்க முடியாது. 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், உள்ளாட்சி அமைப்பு தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யவேண்டும் என்கின்றன. நகராட்சியிலோ பேரூராட்சியிலோ ஊராட்சியிலோ தெருவாசிகள் சேர்ந்து மனுக் கொடுங்கள். சோறு வைப்பவர்கள் வீட்டு வாசல்களுக்கும் குழந்தைகள் நடமாடும் இடத்துக்கும் தள்ளி, குறித்த நேரத்தில் வைக்கட்டும். எங்கள் சாலையில் மீந்த களியையும் குழம்பையும் பால் சொசைட்டி முன்னால் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கொட்டும் இடத்தைக் களத்துமேட்டுக்கு மாற்றியதும் அந்தத் திருப்பத்தில் சண்டை நின்றது.

ஏழாவது படி: சண்டை மூண்டுவிட்டால்

கடித்துக்கொண்டிருக்கும் இரண்டு வாய்களுக்கு நடுவே கையை விடாதீர்கள். கழுத்துப்பட்டையைப் பிடிக்கப் போகாதீர்கள். அந்த வெறியில் தன் எசமானின் கை என்று நாய்க்குத் தெரியாது. வாளித் தண்ணீரை மூக்கில் படும்படி வீசுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி, பலகை, தகரத் துண்டு எது கிடைத்தாலும் நடுவே இறக்குங்கள். கனமான சாக்கை ஒன்றின் தலைமீது போட்டால் பிடி தளரும். கம்பால் அடித்தால் பிடி இறுகத்தான் செய்யும். வேறு வழியே இல்லாமல், இரண்டு பேர் இருந்தால் மட்டும், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால்களைத் தொடையோடு பிடித்து ஒரே நேரத்தில் பின்னால் இழுக்கலாம். அப்போதும் நாய் திரும்பிக் கடிக்கக்கூடும்.

பிரிந்ததும் இரண்டையும் ஒன்றை ஒன்று பார்க்காத இடங்களில் அடையுங்கள். பிறகு விரலால் மயிரை விலக்கி உடம்பு முழுவதும் தேடுங்கள். அடுத்த தோட்டத்து நாயின் தொடையில் எனக்குத் தெரிந்தவை எள்ளளவு இரண்டு ஓட்டைகள்தான். மருத்துவர் மயிரை மழித்துத் தோலைத் தூக்கிக் காட்டியபோது, உள்ளே தோலும் சதையும் தனித்தனியாகப் பிரிந்து கிடந்தன. நாய்க்கடியில் பல் உள்ளே இறங்கி உலுக்குவதால் மேலே சின்ன ஓட்டை, கீழே பெரிய கிழிசல். இரண்டு நாளில் சீழ் பிடிக்கக்கூடும். எவ்வளவு சிறிதாகத் தெரிந்தாலும் அன்றே காட்டுங்கள். கடித்தது தெரியாத நாய் என்றால், ஏற்கெனவே தடுப்பூசி போட்டிருந்தாலும் வெறிநோய் ஊசி மறுபடி உடனே போடவேண்டும்.

மனிதருக்குப் பல் பட்டிருந்தால், கீறலானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் வைக்காதீர்கள். நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் வெறிநோய்த் தடுப்பூசி (0 என்பது முதல் ஊசி போடும் நாள்). இரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் வெறிநோய் எதிர்ப்புச் சீரமும் (இம்யூனோகுளோபுலின்) தேவை. அதைக் கேட்டுப் பெறுங்கள். வெறிநோய் வந்தபிறகு பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

உங்கள் நாய் கடித்திருந்தால் ஓடி ஒளியாமல் தடுப்பூசி அட்டையோடு போய் நில்லுங்கள், மருத்துவச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ பெருங்காயமோ நேராமல் காக்கத் தவறுவது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ தரக்கூடிய குற்றம்.

ஒரே வீட்டில் இரண்டு நாய்கள் அடித்துக்கொண்டால்

தட்டுகளைத் தனித்தனி அறையில் வையுங்கள். எலும்பு, பொம்மை எதுவும் பொது இடத்தில் கிடக்கக் கூடாது. விருந்தாள் வரும் நேரத்திலும், நீங்கள் வெளியிலிருந்து திரும்பும் நேரத்திலும்தான் சண்டை மூளும். அந்த ஐந்து நிமிடம் ஒன்றை உள்ளே அடையுங்கள். இரண்டு பெண் நாய்களுக்குள் மூளும் பகை ஆறுவது கடினம். இரத்தம் பார்த்த சண்டை இரண்டு மூன்று நடந்துவிட்டால் நிரந்தரமாகப் பிரித்து வைப்பதோ, ஒன்றுக்கு வேறு நல்ல வீடு பார்ப்பதோ தவறல்ல. சேர்த்துவைத்தே தீருவேன் என்ற பிடிவாதம் ஒன்றின் உயிரைக் குடிக்கும்.

புதிதாகக் குட்டி வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்து 3 வாரம் முதல் 14 வாரம் வரை குட்டி பார்க்கும் சாதுவான நாய்கள்தான் பிற்காலத்தில் அதற்கு நண்பர்கள். முழுத் தடுப்பூசி முடியும்வரை தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டே ஊரைக் காட்டுங்கள்.

எட்டாவது படி: பக்கத்தில் நடப்பது

நாற்பது அடி வரை அமைதி வந்துவிட்டால், நின்றுகொண்டு பார்ப்பதை விட்டு நடக்கத் தொடங்குங்கள். இரண்டு நாய்களும் ஒரே திசையில், ஒரு சாலையின் இரண்டு ஓரங்களில். நடுவில் இரண்டு மனிதர்கள், வெளிப்பக்கம் நாய்கள். முகத்துக்கு முகம் நேராக வரவிடக் கூடாது. அறிமுகமில்லாத நாய்களுக்கு அது சவால். முன்னே போகும் நாய் மோந்த இடத்தைப் பின்னால் வரும் நாய் மோப்பம் பிடிக்கட்டும். நாய்கள் செய்தி சொல்லிக்கொள்ளும் வழி அது. கயிறு தளர்வாக இருக்கவேண்டும். நம் கை இறுகினால் நாய்க்கு உடனே தெரிந்துவிடும்.

செவலைக்கு இந்தப் படியில் துணையாக வந்தது அவன் கடித்த அதே நாய். காயம் முழுதாக ஆறி, அந்த அம்மாவே ஒரு நாள் கயிற்றோடு வாசலுக்கு வந்து, "நாமும் நடந்து பார்க்கலாமா, அக்கா?" என்றார். முதல் மாதம் அவர் தோப்பின் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில், நடுவே மூன்று வரிசை மாமரங்கள். செவலை வாய்க்கூடையோடு. இப்போது ஒரு வண்டிப்பாதை அகலம். அந்தக் கிழவி நாய் நொண்டிக்கொண்டு முன்னால் போகிறாள். அவள் நின்று மோந்த புல்லை இவனும் நின்று மோக்கிறான். அதற்குமேல் நெருக்க நாங்கள் முயலவில்லை. வாய்க்கால் திருப்பத்தில் மட்டும் அவன் வாய் இன்றும் மூடிக்கொள்கிறது. நான் "திரும்பு" என்கிறேன், அவன் திரும்புகிறான்.